கரை நகர்ந்ததா, கணக்கு நகர்ந்ததா? கடலோர அளவீட்டில் பிழை நீக்கும் வழிமுறை

ட்ரோன், ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். (தெரிந்த இடத்தில் வைத்த அடிநிலையக் கருவியிலிருந்து திருத்தம் வாங்கி, சென்டிமீட்டர் சுத்தமாக இடம் சொல்லும் கருவி), செயற்கைக்கோள் படம், எதிரொலி ஆழமானி எல்லாம் இன்று ஒரு கல்லூரித் துறையே வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களாகிவிட்டன. கடற்கரையை அளப்பது சுலபமாகிவிட்டது. தப்பாக அளப்பதும் அதே அளவுக்குச் சுலபமாகிவிட்டது. கருவி கெட்டுப்போய் வரும் பிழை குறைவு. எந்த மட்டத்திலிருந்து அளந்தோம், எந்தக் கடிகாரப்படி அளந்தோம், அந்த நேரத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்ற மூன்றில் ஒன்று பிசகி வருவதுதான் பெரும்பாலும். இங்கே அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கப் பார்க்கலாம். உதாரணங்கள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நகராத ஒன்றைப் பாருங்கள். கடற்கரைக்குப் போகும் தார் ரோடு, மீன் ஏலக்கூடத்தின் சிமென்ட் தளம், கலங்கரை விளக்கத்தின் மேடை, எது கிடைத்தாலும் சரி. ஒவ்வொரு முறையும் அதில் பத்துப் பதினைந்து புள்ளி எடுத்து வையுங்கள். மணல் உயர்ந்ததாகக் காட்டும் அதே அளவு ரோடும் உயர்ந்திருந்தால் அது கடலின் வேலை இல்லை.

அப்புறம் பிழையின் வடிவம். இரண்டு அளவீடுகளைக் கழித்து வண்ணப் படமாகப் போட்டால் பிழை எல்லா இடத்திலும் சமமாக இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, நடுவில் புடைக்கிறதா, வரிவரியாக ஓடுகிறதா, ஓர் இடத்தில் படி மாதிரி ஏறுகிறதா என்பது தெரியும். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

அறிகுறி: கடற்கரை மணல் மைனஸ் 85 மீட்டர் உயரத்தில் இருக்கிறது

சென்னையில் முதன்முதலாக ஆர்.டி.கே. எடுத்துப் போகிறவர்கள் பயந்துபோகும் எண் இது. பயப்பட ஒன்றுமில்லை, கருவி சரியாகத்தான் சொல்கிறது. ஜி.பி.எஸ். உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை, டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற கற்பனையான நீள்கோளப் பரப்பிலிருந்து அளக்கிறது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால், உண்மையான கடல் மட்டம் அந்தப் பரப்புக்குச் சில இடங்களில் மேலேயும் சில இடங்களில் கீழேயும் கிடக்கும். ஈர்ப்பு வகுக்கும் இந்தக் கடல் மட்டப் பரப்புக்குத்தான் ஜியாய்டு என்று பெயர். உலகிலேயே அது மிக ஆழமாக இறங்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே சுமார் 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் கரை முழுவதும் இருக்கிறது. சென்னையில் சுமார் 85 மீட்டர், கன்னியாகுமரிப் பக்கம் 90-க்கும் மேல்.

தீர்வு: மென்பொருளில் ஜியாய்டு மாதிரியை ஏற்றுங்கள். ஈ.ஜி.எம்.2008 போதும். "எல்லாவற்றிலும் 85 கூட்டிவிட்டால் ஆச்சு" என்ற குறுக்குவழி ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஓடும், ஒரு மாவட்டத்துக்கு ஓடாது. ஜியாய்டு சரிவாக இருப்பதால், கரையோரமாகப் போகப் போக இல்லாத சரிவு ஒன்று உங்கள் வரைபடத்தில் வந்துவிடும்.

மைனஸ் 170 வந்தால் குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். பிளஸ் 85 வந்தால் கருவி ஏற்கனவே திருத்திக் கொடுத்ததை மென்பொருள் மறுபடியும் திருத்தியிருக்கிறது. இந்த இரண்டும் பெரிய எண் என்பதால் கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது சின்ன எண்தான். ஜியாய்டு மாதிரிப்படி வரும் சுழிக்கும் உள்ளூரின் சராசரிக் கடல் மட்டத்துக்கும் இடையே சில பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். அதைத் தீர்க்க ஒரே வழி, பக்கத்தில் இருக்கும் சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க் கல்லில் (உயரம் அளந்து குறித்து வைத்த கல்) ஒரு அளவு எடுத்து அதோடு கட்டுவது.

அறிகுறி: கரை அளவும் ஆழ அளவும் சேரும் இடத்தில் அரை மீட்டருக்கு மேல் ஒரு படி

ஆழம் அளந்தவர் துறைமுக வழக்கப்படி கடல் வரைபட மட்டத்திலிருந்து (கடல்நீர் மிகவும் தாழும்போது நிற்கும் மட்டம்) கணக்குப் போட்டிருப்பார். கரையை அளந்தவர் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து போட்டிருப்பார். சென்னையில் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 65 சென்டிமீட்டர். படியின் உயரம் அதற்கு அருகில் வந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். வேறு ஊராக இருந்தால் அந்த ஊரின் துறைமுக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சென்னை எண்ணைத் தூக்கித் தூத்துக்குடியில் போடக் கூடாது.

அறிகுறி: போன தடவையை விட எல்லாமே ஒரே அளவு உயர்ந்திருக்கிறது, ரோடும் சேர்த்து

அடிநிலையக் கருவியை வைத்த இடத்தின் ஆயத்தொலைவைப் பாருங்கள். தெரிந்த புள்ளியின் எண்ணைக் கையால் கொடுக்காமல் "இங்கேயே எடுத்துக்கொள்" என்ற பொத்தானை அழுத்தியிருந்தால், கருவி ஒன்றிரண்டு மீட்டர் பிழையோடு தானாக ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அன்றைய எல்லாப் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கும். மொத்தமாக மட்டும் தள்ளி நிற்கும். நல்ல செய்தி, இதை அலுவலகத்தில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம்.

தள்ளல் இருபது சென்டிமீட்டர் மாதிரி முழு எண்ணாக இருந்தால் கம்பின் உயரம். 2 மீட்டரில் நிறுத்திய கம்பு மென்பொருளில் 1.80 மீட்டராக இருந்திருக்கும்.

அறிகுறி: ஆர்.டி.கே. நிலைத்து நிற்கவில்லை; ஃபிக்ஸ் போய் ஃப்ளோட், ஃப்ளோட் போய் ஒன்றுமில்லை

ஃபிக்ஸ் என்றால் சென்டிமீட்டர் சுத்தமான நிலை, ஃப்ளோட் என்றால் அதைவிடத் தளர்ந்த நிலை. ஒரே இடத்தில் போகிறதா, ஒரே நேரத்தில் போகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடம் என்றால் மேலே பாருங்கள். சவுக்குத் தோப்பு, உயர்ந்த கடலோரக் கட்டடம், தகரக் கூரை. மறைப்பும் எதிரொளிப்பும்தான் காரணம். இடம், நேரம் எதுவும் ஒட்டாமல், திருத்தச் செய்தியின் வயது நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போனால் கைபேசி சிக்னல் போயிருக்கிறது.

ஒரே நேரம், அதுவும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என்றால், அயனி மண்டலம். தென்தமிழகம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தையே வைத்திருப்பது இதனால்தான். இந்தப் பட்டையில் அந்தி சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி, ஜி.பி.எஸ். சிக்னலைச் சிதறடிக்கும். மார்ச்சை ஒட்டியும் செப்டம்பர், அக்டோபரை ஒட்டியும் இது அதிகம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். இரவுத் தாழ் ஓதத்தில் (கடல்நீர் வற்றி நிற்கும் நேரத்தில்) நிதானமாக அளக்கலாம் என்று திட்டம் போட்டுப் போனவர்களுக்கு இது பெரிய எரிச்சல். விலை உயர்ந்த கருவி வாங்கினால் தீரும் விஷயமும் இல்லை. காலைத் தாழ் ஓதத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. முடியாதென்றால் கச்சாத் தரவையாவது பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு கணக்கிட்டுக் கொஞ்சம் மீட்கலாம். அடிநிலையத்தைத் தொலைவில் வைக்காமல் அருகில் வைப்பதும் உதவும்.

அறிகுறி: ட்ரோன் மாதிரியில் கடற்கரையின் நடு புடைத்திருக்கிறது

கவிழ்த்த சட்டி மாதிரி நடு உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், அது கேமரா லென்ஸின் வளைவைச் சரியாக ஈடுசெய்யாத பிழை. நேர்கீழாக மட்டும், ஒரே உயரத்தில், இணை கோடுகளில் படம் எடுத்தால் மென்பொருளுக்கு லென்ஸின் வளைவும் நிலத்தின் வளைவும் ஒன்றுபோலத் தெரியும். கடற்கரை நீளமான ஒல்லிப் பட்டை என்பதால் இங்கே இந்தத் தொல்லை கூடுதல்.

மூன்று மருந்து உண்டு. ஒரு சுற்று கேமராவை இருபது, முப்பது டிகிரி சாய்த்துப் படம் எடுங்கள். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடமும் உயரமும் அளந்து தரையில் வைத்த அடையாளங்கள்) ரோட்டோரம் மட்டும் வரிசையாக வைக்காமல், தண்ணீர் ஓரம், நடு மணல், மணல்மேட்டின் பின்பக்கம் என்று அகலத்திலும் பரப்புங்கள். சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் ஒதுக்குங்கள். மூன்றாவதை நிறைய பேர் செய்வதில்லை. கணக்கில் சேர்த்த புள்ளிகளிலேயே பிழையைப் பார்த்துவிட்டு "இரண்டு சென்டிமீட்டர்" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். மென்பொருள் அந்தப் புள்ளிகளுக்கு ஒத்துப்போகத்தானே வளைந்து கொடுத்திருக்கிறது!

படத்தில் வெறும் வெள்ளை மணலாகவே இருந்து, பொருத்துவதற்கு அடையாளமே கிடைக்காமல் ஓட்டை ஓட்டையாக வந்தால், வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் மறுபடி பறக்கவிடுங்கள். காலடித் தடமும் காற்று வரிகளும் நிழல் விட்டு உதவும். முன்பக்க மேற்படிவு, அதாவது அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பங்கு, எண்பது சதவீதத்துக்குக் குறைய வேண்டாம்.

அலை ஓரத்தில் ஊசி ஊசியாக உயர்ந்து நிற்கிறதா? தண்ணீர் இரண்டு படங்களுக்கு இடையே நகர்ந்துவிட்டது. திருத்த முயலாதீர்கள், வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் கரைக்கோடு மாதத்துக்கு மாதம் இருபது மீட்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது

அறிக்கைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

முதலில் ஓதம். ஒரு சின்னக் கணக்கு: கரையின் சரிவு இருபதுக்கு ஒன்று என்று வையுங்கள். தண்ணீர் அரை மீட்டர் உயர்ந்தால் கோடு பத்து மீட்டர் உள்ளே வரும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின் வீச்சு ஏறக்குறைய ஒரு மீட்டர். அதாவது மணல் ஒரு பிடிகூட நகராமலே இருபது மீட்டர் ஆட்டம் வரலாம். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரத்தின் ஓத உயரத்தைச் சேர்த்து, சரிவால் வகுத்து, கோட்டை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லேண்ட்சாட்டும் சென்டினல்-2-ம் எப்போதும் உள்ளூர் நேரம் காலை பத்து, பத்தரையை ஒட்டித்தான் வரும். ஒரு ஊரில் பௌர்ணமி ஓதம் உச்சத்துக்கு வரும் மணியும் அதிகம் மாறாது. ஆகவே செயற்கைக்கோள் அந்த ஊரின் முழு ஓத வீச்சையும் பார்ப்பதே இல்லை. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சராசரியில் எல்லாம் அடிபட்டுப்போகும் என்று நம்ப வேண்டாம்.

ஓதத்தோடு, வங்கக் கடலின் மட்டமே ஆண்டுக்குள் ஏறி இறங்குகிறது. சென்னையில் அக்டோபர், நவம்பரில் உயரம், மார்ச், ஏப்ரலில் தாழ்வு. வித்தியாசம் சில பத்து சென்டிமீட்டர். ஓத அட்டவணையிலிருந்து எடுத்த எண்ணில் இது சரியாக வந்திருக்கிறதா என்று ஓதமானியின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து பருவம். கச்சான் காலத்தில் (தென்மேற்குப் பருவம்) மணல் வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவம்) தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் சோழமண்டலக் கரையில் வடக்கே போவதுதான் அதிகம். இதைக் கரையோர மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஒரு ஆண்டின் ஜனவரிப் படத்தையும் இன்னொரு ஆண்டின் ஆகஸ்ட் படத்தையும் வைத்து "ஆண்டுக்கு இத்தனை மீட்டர் அரிப்பு" என்று எழுதும் ஆய்வைத் தூக்கி ஓரமாக வைக்கலாம். அதே மாதத்தை அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் இரண்டே கோடு போதாது. பல ஆண்டுக் கோடுகளுக்கு நேர்கோடு பொருத்திப் பாருங்கள்.

மூன்றாவது, எந்தக் குறியீட்டால், அதாவது படத்தின் எந்த ஒளிப் பட்டைகளை வைத்துப் போட்ட விகிதத்தால், தண்ணீரைப் பிரித்தீர்கள். பச்சையும் அண்மை அகச்சிவப்பும் சேர்ந்த என்.டி.டபிள்யூ.ஐ. அலை நுரையை மணல் என்று எடுத்துக்கொண்டு கோட்டைக் கடலுக்குள் தள்ளும். குறு அலை அகச்சிவப்பைப் பயன்படுத்தும் எம்.என்.டி.டபிள்யூ.ஐ. நுரைக்கு ஏமாறுவது குறைவு, ஆனால் ஈர மணலைத் தண்ணீர் என்று நினைத்துக் கோட்டைக் கரைக்குள் இழுக்கும். எதை வேண்டுமானாலும் எடுங்கள். பாதித் தொடரில் மாற்றாதீர்கள்.

அறிகுறி: 2022 ஜனவரிக்குப் பிறகு கோடு ஒரே தாவாகத் தாவுகிறது

சென்டினல்-2 தரவுதானே? 2022 ஜனவரி 25 முதல் அதன் செயலாக்க முறை மாறியது. எண் மதிப்புகளில் 1000 கூட்டித் தரத் தொடங்கினார்கள். அதைக் கழிக்காமல் விகிதக் குறியீடு போட்டால் எல்லா மதிப்பும் சுழியை நோக்கிச் சுருங்கும். நீங்கள் வைத்த வரம்பு சுழியாகவே இருந்தால் தப்பித்தீர்கள், குறி மாறாது. 0.2 மாதிரி வேறு எண் என்றால் கோடு நகர்ந்துவிடும். கூகுள் எர்த் என்ஜினில் ஹார்மனைஸ்டு என்று பெயர் முடியும் தொகுப்பை எடுத்தால் இந்தக் கவலை இல்லை.

2003 மே மாதக் கடைசிக்குப் பிந்தைய லேண்ட்சாட்-7 படங்களில் கரை துண்டு துண்டாக வந்தால், அது ஸ்கேன் திருத்தி பழுதானதால் வந்த கோடுகள். படத்தைப் பழுது பார்க்க நேரம் செலவழிக்காமல் லேண்ட்சாட்-5 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: அரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் மணல் சேர்வதாக வருகிறது

தூண்டில் வளைவுக்கு (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு) தெற்கே மணல் சேர்ந்து, வடக்கே கரை கரைவது நம் கிழக்குக் கரையின் வாடிக்கை. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை போனதும் இதே கதை. புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கிலும் அதுதான் நடந்தது. உங்கள் படம் முழுவதும் இதற்குத் தலைகீழாக வந்தால், கண்டுபிடிப்பு என்று கொண்டாடும் முன் கரைக்கோடுகளை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிடும் டி.எஸ்.ஏ.எஸ். மென்பொருளின் அமைப்பில் அடிக்கோட்டை (தூரம் அளக்கத் தொடங்கும் கோடு) பாருங்கள். அடிக்கோடு நிலப்பக்கம் இருக்கிறதா கடல்பக்கம் இருக்கிறதா என்ற ஒரு பதிவு தவறினால், எல்லா எண்களின் குறியும் மாறிவிடும்.

அறிகுறி: ஓதத் திருத்தம் போட்ட பிறகு ஆழ அளவு இன்னும் மோசமாகிறது

குறுக்குக் கோடுகள் வெட்டும் இடங்களில், திருத்தும் முன் முப்பது சென்டிமீட்டர் இருந்த வித்தியாசம் திருத்திய பின் அறுபதாகிவிட்டதா? கடிகாரம். ஆழமானி ஜி.பி.எஸ். வழியாக உலக நேரத்தில் பதிந்திருக்கும், ஓத அட்டவணை இந்திய நேரத்தில் இருக்கும். நடுவில் ஐந்தரை மணி நேரம். நம் கடலில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த தாழ்வுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே ஐந்தரை மணி பிசகினால் ஏற்றம் இருந்த இடத்தில் ஏறக்குறைய தாழ்வை வைத்துத் திருத்துவீர்கள், பிழை இரட்டிப்பாகும்.

திருத்தம் உதவவும் இல்லை, கெடுக்கவும் இல்லை என்றால் வேறு வழியில் பிரியுங்கள். வித்தியாசம் எல்லா ஆழத்திலும் ஒரே அளவா? ஒலிவாங்கி தண்ணீருக்குள் எவ்வளவு முங்கியிருந்தது என்ற எண் தப்பு. ஃபைபர் படகில் இரண்டு பேர் கூடுதலாக ஏறினாலே அது மாறும். ஆழம் கூடக் கூட வித்தியாசமும் கூடுகிறதா? ஒலியின் வேகம் தப்பு. கருவியில் பொதுவாக நொடிக்கு 1500 மீட்டர் போட்டிருப்பார்கள். நம் வெதுவெதுப்பான கடலில் அது 1540-ஐத் தொடும். இருபது மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் குறைவாகக் காட்ட இதுவே போதும். ஒரு தகட்டைக் கயிற்றில் கட்டி, அளந்த ஆழங்களில் இறக்கி, கருவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பழைய முறைதான், ஆனால் பொய் சொல்லாது.

அறிகுறி: மல்டிபீம் படத்தில் தரை வளைகிறது, வரி ஓடுகிறது, ஒரே பாறை இரண்டாகத் தெரிகிறது

மல்டிபீம் என்பது பல ஒலிக்கதிர்களை விசிறிபோல அனுப்பித் தரையை ஒரு பட்டையாக அளக்கும் ஆழமானி. பட்டையின் இரு ஓரமும் ஒன்றாக மேலே அல்லது கீழே வளைந்தால் ஒலிவேக அடுக்கு, அதாவது ஆழத்துக்கு ஆழம் ஒலியின் வேகம் எடுத்த பதிவு, பழசு. வாடை மழைக்குப் பிறகு ஆற்று வாய்க்கு அருகில் மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடுக்கு பிரிந்து கிடக்கும். காலையில் ஒரு முறை எடுத்த ஒலிவேகத்தை நாள் முழுக்க ஓட்ட முடியாது. ஒரு ஓரம் மேலே, மறு ஓரம் கீழே, திரும்பி வரும்போது மாறிப்போகிறது என்றால் உருளல் கோணம் (கருவியின் பக்கவாட்டுச் சாய்வு). சமதளத்தில் ஒரே கோட்டில் போய் வந்து சரிசெய்யுங்கள். இருபது மீட்டர் ஆழத்தில் 60 டிகிரிக் கதிரில் ஒரு டிகிரிப் பிசகு அரை மீட்டரைத் தாண்டும்.

படகுப் பாதைக்குக் குறுக்கே அலைபோல வரிகள் வந்தால் அசைவு உணரி. திரும்பிய உடனே கோட்டைத் தொடங்கியிருப்பீர்கள்; உணரி அடங்க ஒன்றிரண்டு நிமிடம் நேராக ஓடிவிட்டுத் தொடங்குங்கள்.

பாறை இரண்டாகத் தெரிந்து, வேகம் கூடினால் இடைவெளியும் கூடினால் நேரத் தாமதம். ஜி.பி.எஸ். நேரம் உலக நேரத்தை விட 2017 தொடக்கத்திலிருந்து 18 நொடி முன்னால் ஓடுகிறது. ஒரு கருவி இதிலும் இன்னொன்று அதிலும் ஓடினால், நான்கு நாட் வேகத்தில் 37 மீட்டர் பிசகும். வேகம் மாறினாலும் இடைவெளி மாறவில்லை என்றால் கருவியின் முன்பின் சாய்வு.

அறிகுறி: விண்ணிலிருந்து எடுத்த ஆழம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்

ஐசிசாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர் தண்ணீருக்குள் மெதுவாகப் போகிறது. ஒளிவிலகலைத் திருத்தாத ஃபோட்டான் தரவில் நான்கு மீட்டர் ஆழம் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், 0.75-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாகும். படத்தின் நிறத்திலிருந்து எடுத்த ஆழத்தில் திட்டுத் திட்டாக மட்டும் ஆழம் கூடினால், அங்கே கடற்புல் இருக்கிறதா என்று பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இது அடிக்கடி வரும். கறுத்த தரையை மென்பொருள் ஆழம் என்று நினைக்கிறது. கலங்கல் நாளில் பாக் நீரிணைப் படத்தை எடுக்கவே வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, கரை நகர்ந்தது நகர்ந்ததாகவே இருக்கிறது

இப்போது பிழை எல்லையைக் கணக்கிடுங்கள். கரைக்கோட்டுப் பிழை 10 மீட்டர், ஓதத் திருத்தத்துக்குப் பிறகு மிஞ்சியது 5 மீட்டர் என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 11 மீட்டர். இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது அது 16-ஐ நெருங்கும். எட்டு மீட்டர் நகர்வு இதற்குள் அடங்கிவிடுகிறது. முப்பது மீட்டர் என்றால் ஊருக்குள் போய்ப் படகு ஏற்றும் இடம் எந்த ஆண்டு போனது, வலை உலர்த்தும் மணல் எங்கே இருந்தது என்று கேளுங்கள். வேர் தெரியும் தென்னைகளைப் படம் எடுங்கள். ஆண்டுகள் ஒத்துவந்தால் எழுதலாம்.

எல்லைக்குள் அடங்கினால் "மாற்றம் தெரியவில்லை" என்று எழுதுவதில் கூச்சம் வேண்டாம். சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான இந்தியக் கரையை அளந்தபோது 33 சதவீதம் அரிப்பு, 29 சதவீதம் மணல் சேர்வு என்று சொன்னது. மீதியை நிலையாக இருக்கும் கரை என்றே போட்டது.